வரையும் பலகையும் அழிக்கும் கையும்

பெங்களூரு சிக்பேட்டையை ஒட்டிய மாமூல்பேட்டையில் பொம்மைகளை மொத்த விலைக்குத் தரும் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. சென்ற ஆண்டு விஜயதசமிக்கு முந்திய வாரம், மூன்றரை வயது மகளுக்குக் கிறுக்கிப் பழக ஏதாவது வாங்கலாம் என்று அங்கே போயிருந்தேன். திரை இல்லாததாக ஒன்று காட்டுங்கள் என்று கேட்டதும், கடைக்காரர் கறுப்புப் பலகை ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு இழுத்தார். பளிச்சென்று பச்சைக் கோடு விழுந்தது. “எல்.சி.டி. பேடு சார். ஸ்கிரீன் கிடையாது, கண்ணுக்கு ஒண்ணும் ஆவாது” என்றார். எல்.சி.டி. என்பதன் கடைசி எழுத்தே காட்சித்திரையைக் குறிப்பது என்று சொல்லி அவருடைய வியாபாரத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கு அரை டஜன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆயினும் அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அது எப்படி என்று விளங்கிக்கொள்ளப் போனதில், குழந்தைகளுக்கு விற்கப்படும் வரைபலகைகள் அத்தனையையும் கோடு விழும் விதத்தைவிட, விழுந்த கோடு அழியும் விதத்தை வைத்து மதிப்பிடுவதே சரி என்ற எண்ணத்துக்கு வந்தேன்.

சுவரும் தரையும் மணலும் இருக்கும்வரை கோடு இழுப்பதற்குக் குழந்தைக்குத் தனியாக ஒரு பொருள் தேவையில்லை. ஒரு கரித்துண்டு போதும். பொம்மைக் கடையில் நாம் காசு கொடுத்து வாங்குவது அந்தக் கோட்டைப் போக்கும் வசதியைத்தான். காகிதம் அருமையான பொருளாக இருந்த காலத்தில் அந்த வசதி சிக்கனத்துக்காக வேண்டியிருந்தது. இப்போது சுவரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் செலவு எவ்வளவு பிடித்துக்கொள்வார்களோ என்ற கவலையோடு குடியிருக்கும் பெங்களூருவாசிக்கு இது சின்ன விஷயம் இல்லை. அழிக்கும் முறையோ பலகைக்குப் பலகை வேறுபடுகிறது. அது மாறும்போது குழந்தை வரையும் முறையும், தப்பாகப் போன கோட்டை அது எடுத்துக்கொள்ளும் முறையும் கூடவே மாறிவிடுகின்றன.

அந்தப் பச்சைக் கோட்டிலிருந்தே தொடங்கலாம். 1888இல் ஃபிரீடரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர், கொலஸ்டிராலிலிருந்து பெற்ற ஒரு சேர்மத்தைச் சூடாக்கியபோது அது இரண்டு முறை உருகுவதைக் கண்டார்; 145.5 டிகிரியில் கலங்கலான நீர்மமாகவும், 178.5 டிகிரியில் தெளிந்த நீர்மமாகவும் அது மாறியது. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தக் கலங்கல் நிலையைத்தான் பின்னாளில் திரவப் படிகம் என்றார்கள்; எல்.சி.டி.யின் முதல் இரண்டு எழுத்துகள் குறிப்பது அதைத்தான். எழுதும் பலகைக்குள் இருப்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த திரவப் படிகமே. அதன் மூலக்கூறுகள் சுழல்படிக்கட்டு போல அடுக்கடுக்காகத் திரும்பி நிற்கும் தன்மை உடையவை. அந்தப் படிக்கட்டுகள் எல்லாம் பலகைக்குச் செங்குத்தாக ஒழுங்காக நிற்கும் இடத்தில், அறை வெளிச்சத்திலிருந்து ஒரு நிறம் மட்டும் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. அவை ஒழுங்கு குலைந்து கிடக்கும் இடத்தில் வெளிச்சம் உள்ளே போய்ப் பின்பக்கக் கறுப்பில் விழுந்துவிடுகிறது. பேனாவோ நகமோ அழுத்தும்போது அந்த இடத்துத் திரவம் நகர்ந்து ஓடி ஒழுங்குக்கு வருகிறது. பொத்தானை அமுக்கினால் ஒரு சிறு மின்துடிப்பு பாய்ந்து பலகை முழுவதையும் மறுபடி குலைத்துவிடுகிறது. இரண்டு நிலைகளும் மின்சாரம் இல்லாமலே அப்படியே நிற்கக் கூடியவை. ஆகையால் எழுதுவதற்கு மின்சாரம் வேண்டியதில்லை, எழுதியது நிற்பதற்கும் வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி முழுக்க முழுக்க அழிப்பதற்காகவே இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த கென்ட் டிஸ்பிளேஸ் நிறுவனம் 2010இல் பூகி போர்டு என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று மாமூல்பேட்டையில் அடுக்கப்பட்டிருக்கும் பெயரில்லாத பலகைகளும் அதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

இந்தப் பலகை தானாக ஒளி விடுவதில்லை. காகிதத்தைப் போல அறை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த அளவில் கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு மை காட்டும் பளிச்சை இதில் எதிர்பார்க்க முடியாது. மங்கலான விளக்கில் குழந்தை மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்துகொள்கிறது. அழுத்தத்துக்கு ஏற்ப கோடு தடிப்பதும் மெலிவதும் இதன் நல்ல குணம். சில்க் போர்டு சந்திப்பில் அரை மணி நேரம் நின்றுகொண்டிருக்கும் காரின் பின் இருக்கைக்கு, தூசியும் மையும் காகிதக் குப்பையும் இல்லாத இதைவிடப் பொருத்தமான வரைபலகை கிடையாது என்றே சொல்வேன்.

குறை அழிப்பதில் இருக்கிறது. வீடு வரைந்து, மரம் வரைந்து, பூனை வரைந்து, பூனையின் வால் மட்டும் கோணிப்போனால் அந்த வாலுக்காக வீட்டையும் மரத்தையும் சேர்த்துப் பலிகொடுக்க வேண்டும். வேண்டிய இடத்தை மட்டும் அழிக்கும் பலகைகளும் வந்திருக்கின்றன. எனக்குக் காட்டிய எதிலும் அந்த வசதி இல்லை. இதனால் என்ன ஆகிறது என்பதை வீட்டில் பார்த்தேன். முதல் வாரம் மகள் வரைந்ததைவிட அழித்ததே அதிகம். ஒரு கோடு, ஒரு பொத்தான். இன்னொரு கோடு, இன்னொரு பொத்தான். பொத்தானை அமுக்கினால் பலகை ஒரு கணம் மின்னி மறைவது அவளுக்குக் கோட்டைவிடப் பெரிய வேடிக்கையாகிவிட்டது. கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் போகும் பழக்கத்துக்கும் இதற்கும் பங்காளி உறவு இருப்பதாக எனக்குத் தோன்றியது.

காந்தப் பலகை இதற்கு முந்தைய தலைமுறை. தூசி பறக்காத கரும்பலகை ஒன்று செய்யலாம் என்ற நோக்கத்தோடு ஜப்பானின் பைலட் பேனா நிறுவனத்துப் பொறியாளர்கள் நால்வர் 1974இல் உருவாக்கியது அது. தேன்கூடு போன்ற சிறு அறைகளில் கெட்டியான வெள்ளை நீர்மமும் காந்தத்துக்கு இழுபடும் நுண்துகள்களும் அடைக்கப்பட்டிருக்கும். காந்த நுனிப் பேனா துகள்களை மேலே இழுக்கிறது. அடியில் ஓடும் காந்தப் பட்டை அவற்றைத் திரும்பக் கீழே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பட்டையைப் பாதி தூரம் தள்ளி நிறுத்தினால் பாதிப் படம் தப்பிக்கும். குழந்தைகள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்து, பட்டையை மெல்ல நகர்த்தி யானையைத் துதிக்கையிலிருந்து வால்வரை கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கவைப்பார்கள். தமிழ் எழுத்துக்கு மட்டும் இந்தப் பலகை அவ்வளவாக ஒத்துவருவதில்லை. தேன்கூட்டு அறைகளின் விளிம்பில் வளைவுகள் உடைந்து, ‘அ’வின் சுழி அறுகோணமாகிவிடுகிறது.

எட்ச் எ ஸ்கெட்ச் நம் ஊரில் பெரிதாக வேரூன்றாத பொம்மை. ஆனால் அழிப்பைக் கொண்டாட்டமாக்கியதில் அதற்கு ஈடில்லை. ஆந்த்ரே கசாஞ் என்ற பிரெஞ்சு மின்பணியாளர் கண்டுபிடித்த இதனை, அமெரிக்காவின் ஒஹையோ ஆர்ட் நிறுவனம் வாங்கி 1960இல் விற்பனைக்கு விட்டது. கண்ணாடியின் உட்புறம் அலுமினியத் தூள் படிந்திருக்கும். இரண்டு திருகுகளைத் திருப்பினால் உள்ளிருக்கும் முள் அந்தத் தூளைச் சுரண்டிக்கொண்டு போகும். ஒரு திருகு கிடைக்கோட்டுக்கு, மற்றது நெடுங்கோட்டுக்கு. வட்டம் போட இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேகத்தில் திரும்ப வேண்டும் என்பதால் நான்கு வயதுக் குழந்தைக்கு அது எட்டாத வித்தை. அழிப்பதற்குத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்க வேண்டும். சின்னக் குழந்தை அந்தக் குலுக்கலோடு நின்றுவிடும். அதில் ஒரு தவறும் இல்லை.

நான் சிறுவனாக இருந்தபோது பசவனகுடியில் நடக்கும் கடலேகாய் பரிஷே என்ற நிலக்கடலைத் திருவிழாவில் மாயச் சிலேட்டு வாங்கித் தந்தார்கள். கறுப்பு மெழுகுத் தகட்டின் மேல் ஒரு மெல்லிய தாள். எழுதிவிட்டுத் தாளைத் தூக்கினால் எழுத்து மறைந்துவிடும். சிக்மண்ட் ஃபிராய்டு 1925இல் இந்தப் பொம்மையைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். மேலே மறைந்த எழுத்தின் தடம் அடியிலுள்ள மெழுகில் நிற்பதையும், சாய்வான வெளிச்சத்தில் அதைப் படிக்க முடிவதையும் சுட்டி, மனித நினைவும் இப்படித்தான் என்றார். என் சிலேட்டின் தாள் இரண்டாம் நாளே கிழிந்துவிட்டது.

தண்ணீரால் எழுதும் துணி விரிப்புகளும் இப்போது நிறைய வருகின்றன. வண்ணத் துணியின் மேல் நுண்ணிய துளைகள் நிறைந்த வெள்ளைப் பூச்சு இருக்கும். காய்ந்திருக்கும்போது அது வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெண்மையாகத் தெரிகிறது. துளைகளில் தண்ணீர் புகுந்ததும் சிதறல் குறைந்து, அடியிலுள்ள நிறம் மேலே தெரிகிறது. இங்கே அழிப்பவர் யாரும் இல்லை, காற்றுதான். மார்ச் மாத வெயிலில் ஐந்தாறு நிமிடத்தில் போய்விடுவது ஆகஸ்டு மழையில் அரை மணி நேரம் நிற்கும். காத்திருக்கக் குழந்தைக்குப் பொறுமை இருந்தால் சரி. அல்சூரில் அம்மா இருக்கும் வீட்டின் தரை பழைய சிவப்பு ஆக்சைடு தரை. ஒரு தம்ளர் தண்ணீரில் விரலைத் தொட்டு அதில் மயில் வரைந்தால் கருஞ்சிவப்பாகப் படிந்து, கழுத்துப் பக்கம் முதலில் காய்ந்து, தோகை கடைசியில் போகும். நானூறு ரூபாய் விரிப்பில் நடப்பதும் அதுதான்.

அந்த வீட்டில்தான் கல் சிலேட்டும் இருந்தது. கல் சிலேட்டு என்றதும் ஆந்திரத்தின் மார்க்காபுரம்தான் நினைவுக்கு வரும். பலகைக்கல்லுக்குப் பேர்போன ஊர் அது. எழுதும் குச்சியை நாம் பலப்பம் என்கிறோம், கன்னடத்தில் பளப. வெள்ளைப் பலப்பம் அறுக்கப்படும் மாக்கல்லுக்குக் கன்னடத்தில் பளபதகல்லு என்றே பெயர். பேலூர், ஹளேபீடு கோயில்களின் சிற்பங்கள் அவ்வளவு நுணுக்கமாக இருப்பதற்கு அந்த வகைக் கல்லின் மென்மையே காரணம் என்பார்கள். நம் வீட்டுக் கல்சட்டியும் இதே இனம்தான். ஹொய்சளச் சிற்பியின் உளிக்கும் அல்சூர் பாட்டியின் சமையலுக்கும் பேத்தியின் கிறுக்கலுக்கும் வளைந்துகொடுக்கும் கல் என்று எண்ணிப் பார்க்கையில் அதன் மேல் மரியாதை கூடிவிடுகிறது.

பலப்பம் கல்லில் உரசும்போது விரலுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. வழவழப்பான எல்.சி.டி. பரப்பில் பேனா வழுக்கிக்கொண்டு ஓடும். எங்கே நிறுத்துவது என்பதைக் கண் மட்டும்தான் சொல்ல வேண்டும். சிலேட்டில் கையும் சொல்கிறது. போதாக்குறைக்கு, பலப்பம் ஒரு வாரத்துக்கு மேல் முழுசாக இருப்பதில்லை. உடைந்து அரை விரல் நீளத் துண்டாகிவிடும். அந்தத் துண்டை முஷ்டியில் பிடிக்க முடியாது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்தால்தான் பிடிபடும். எழுத்துக் கை பழகாத குழந்தைகளிடம் கிரேயானை உடைத்துச் சிறு துண்டாகக் கொடுக்கும்படி தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் சொல்வது இதே காரணத்துக்காகத்தான். எல்.சி.டி. பலகையோடு வரும் பேனா நீளமானது, உடையாதது. அதை முஷ்டியில் பிடித்துக் கத்தி போல ஓட்டினாலும் கோடு விழுந்துவிடுகிறது.

அழிப்பதற்கோ எத்தனை வழிகள்! ஈரத்துணியால் முழுதும் துடைக்கலாம். விரல் நுனியை நனைத்து ஒரு புள்ளியை மட்டும் எடுக்கலாம். பெரியவர்கள் பார்க்காதபோது எச்சிலும் உதவும். கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்துத் தேய்த்துச் சிலேட்டைப் புதுசு போலாக்கிய கதையை அம்மா இன்றும் பெருமையாகச் சொல்வார். அவர் மடியில் உட்கார்ந்து மகள் முதன்முதலாக ஆள் வரைந்த மாலையில் நானும் பக்கத்தில் இருந்தேன். ஒரு வட்டம், அதற்குள் இரண்டு புள்ளிகள், வட்டத்திலிருந்து நேராகத் தொங்கும் இரண்டு கால்கள். வயிறு கிடையாது. இந்தத் தலைப்பிரட்டை உருவம் உலகெங்கும் மூன்று, நான்கு வயதில் குழந்தைகள் வரைவதுதான். பக்கவாட்டில் கைகளையும் போட்டவள், அவை காதுகளுக்கு மேலே போய்விட்டதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டு, கைகளை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டுக் கீழே புதிதாகப் போட்டாள். “இது யாரு கண்ணு?” என்று அம்மா கேட்டதற்கு, “பாட்டி” என்றாள். பழைய கைகளின் சாம்பல் தடம் லேசாகத் தெரிந்துகொண்டே இருந்தது. பார்ப்பது, குறை காண்பது, குறையை மட்டும் நீக்குவது, திருத்துவது என்ற நான்கு வேலைகளும் ஒரு நிமிடத்துக்குள் நடந்தன. ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் துடைக்கும் பலகையில் மூன்றாவது வேலைக்கு இடமே இல்லை.

சிலேட்டைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அது கீழே விழுந்தால் கால்விரல் நசுங்கும், உடைந்தால் விளிம்பு கீறும், தூசி பறக்கும். பலப்பத்தைத் தின்னும் குழந்தைகளும் உண்டு. அது வெறும் குறும்பு என்று அதட்டிவிட்டுப் போகாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. மண்ணையும் பலப்பத்தையும் தின்னத் தூண்டும் பழக்கம் பல நேரங்களில் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருகிறது. இன்று கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் சிலேட்டுகளோ பலப்பத்துக்கு வேண்டிய உரசலைத் தருவதில்லை.

கையின் வளர்ச்சிக்கு ஒரு வரிசை இருக்கிறது. தோள் முதலில் பழகும், பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டு, கடைசியில்தான் விரல்கள். ஒன்றரை வயதுக் குழந்தை தோளிலிருந்து கையை வீசிக் கிறுக்கும். ஏறக்குறைய மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்து வட்டம் போடும். நான்கில் கூட்டல் குறி, நான்கரையை ஒட்டிச் சதுரம், ஐந்தில் முக்கோணம். இந்த வயதுக் கணக்கு குழந்தைக்குக் குழந்தை முன்பின் ஆகும். இரண்டு வயதுக் குழந்தைக்கு உள்ளங்கை அகலப் பலகையைக் கொடுத்துவிட்டு அது கோட்டுக்கு வெளியே போகிறது என்று வருத்தப்படுவதில் பொருளில்லை. அந்த வயதுக்குத் தேவை பெரிய பரப்பு. சுவரில் செய்தித்தாள் ஒட்டிவிட்டு நின்றுகொண்டு கிறுக்கவிடுவது, மடியில் வைத்து எழுதும் எந்தப் பொம்மையையும்விடத் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்ல வேலை. ஐ.டி. வேலை பார்ப்பவர்கள் வீட்டில் ஒரு பக்கம் அச்சான தாள்கள் எப்படியும் கட்டுக்கட்டாகக் கிடக்கும்.

கடைகளில் ‘கல்விப் பொம்மை’ என்ற பெயரில் அதிகம் போவது இன்னொரு வகை: எழுத்துகள் பள்ளமாகச் செதுக்கப்பட்ட பலகைகளும், பள்ளத்தில் எழுதினால் சற்று நேரத்தில் மறைந்துவிடும் மையோடு வரும் பயிற்சிப் புத்தகங்களும். குழந்தையின் பேனா பள்ளத்தை விட்டு விலகாது, எழுத்து அச்சடித்தது போல வரும், பெற்றோருக்குப் பூரிப்பு. இதில் எனக்கு உடன்பாடு குறைவு. இந்தியானா பல்கலைக்கழகத்தின் காரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை எழுத்துகளைத் தாமாகக் கையால் எழுதவும், புள்ளிக்கோட்டின் மேல் எழுதவும், விசைப்பலகையில் தட்டவும் வைத்துப் பழக்கியது. பின்னர் அதே எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, படிப்புக்குப் பயன்படும் பகுதிகள் தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்கே விழித்தன. தட்டியவற்றுக்கும் புள்ளிக்கோட்டில் போனவற்றுக்கும் அவ்வாறு இல்லை. தாமாக எழுதும்போது ஒவ்வொரு தடவையும் எழுத்து கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் வேறு மாதிரியாக வருகிறது. இத்தனை கோணல்களுக்குள்ளும் ‘அ’ எது என்று பிரித்தறிவதுதான் கற்றல் என்பது அவர்கள் தந்த விளக்கம். பள்ளம் செதுக்கிய பலகை அந்தக் கோணலுக்கு வாய்ப்பே தருவதில்லை. தவறு நேர்ந்தால்தானே அழிக்க வேண்டும். இந்தப் பொம்மையில் அழிப்பு முன்கூட்டியே செய்து முடிக்கப்பட்டுவிட்டது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. ரோமில் 1907இல் தம் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, குழந்தைகளுக்கு உலோகச் சட்டங்களைக் கொடுத்து அவற்றின் விளிம்பை ஒட்டிக் கோடிழுக்கச் செய்தார். அது எழுத்தைப் பழக்குவதற்காக ஏற்பட்டதன்று, பென்சிலை ஆளும் கைக்கான பயிற்சி. சட்டத்தை எடுத்ததும் உள்ளிருக்கும் வெற்றிடத்தைக் குழந்தையே கோடுகளால் நிரப்ப வேண்டும். அவருக்கும் முன்பு, பாலர் பள்ளி என்ற கருத்துக்கு வித்திட்ட ஃபிரீட்ரிக் ஃபிரோபெல், கட்டம் கீறிய சிலேட்டில் குழந்தைகளை வரையவிட்டார். கட்டம் வழி காட்டும், உருவத்தைச் சொல்லாது. நம் வாசல் கோலத்தின் புள்ளிகளும் அப்படிப்பட்டவையே. ஐந்து புள்ளி வரிசை வைத்துக்கொடுத்தால் எந்தப் புள்ளியைச் சுற்றி வருவது, எங்கே திரும்புவது என்பது போடுகிறவர் கையில் இருக்கிறது. தடம் மாறினால் கோடு மூடாமல் நிற்கும். காலால் லேசாகத் தேய்த்துவிட்டு அந்த இடத்திலிருந்து தொடரலாம். விலையில்லாத இந்த வரைபொம்மையை அடுக்குமாடியின் ஐந்தாம் மாடி வாசலில் போட இடமில்லாதவர்கள் தாம்பாளத்தில் அரிசிமாவைப் பரப்பிக்கொள்ளலாம். ஏட்டைத் தொடங்கும் நாளில் அரிசியில் விரலால் எழுதவைப்பதை ஆண்டுக்கு ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சாத்திரம் ஏதும் இல்லை.

நான் பார்த்த கடைகளில் பள்ளப் பலகைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கன்னடத்திலும் இருந்தன, தமிழில் இல்லை. பள்ளியில் தமிழே இல்லாத பெங்களூருக் குழந்தைக்கு இது குறையாகத் தெரியலாம். எங்கள் வீட்டில் இது நல்லதாகவே முடிந்தது. அம்மா வெறும் சிலேட்டில் ‘ட’ போட்டுக் காட்ட, மகள் பக்கத்தில் பார்த்துப் போட்டாள். பிறகு ‘ப’, பிறகு ‘ம’. நேர்கோடு மிகுந்த எழுத்துகள் கைக்கு வந்த பின்புதான் சுழி வைத்த ‘அ’வுக்குப் போனார்கள்.

படம் வரையும் ரோபோக்கள் இப்போது புதிதாகப் புறப்பட்டிருக்கின்றன. அட்டையைச் செருகினால் சின்ன இயந்திரக் கை காகிதத்தில் பூனை வரைந்து காட்டும். குழந்தை பார்த்து வரைய வேண்டும். படத்தை ஒளியாகத் தாளில் விழவைக்கும் புரொஜெக்டர்களும் ஏறக்குறைய இந்த ரகம்தான். பூனையை எப்படி வரைவது என்ற கேள்விக்கு ரோபோவிடம் ஒரே பதில்தான் இருக்கும். நாலாவது நாள் குழந்தையிடமும் அந்த ஒரே பூனைதான் இருக்கும். 1960களின் பிற்பகுதியில் கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட் குழுவினர் லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கி, அதன் கட்டளைக்குத் தரையில் ஊர்ந்து கோடு போடும் ‘ஆமை’ ரோபோவைச் செய்தார்கள். அங்கே இத்தனை அடி போ, இத்தனை டிகிரி திரும்பு என்று சொல்கிற வேலை குழந்தையுடையது. சதுரம் சரியாக வராவிட்டால் தன் கட்டளையில் எந்த வரி தப்பு என்று தேடித் திருத்த வேண்டும். பெட்டியின் மேல் இரண்டையும் ‘வரையும் ரோபோ’ என்றுதான் எழுதுவார்கள்.

திரை இல்லை என்ற முத்திரை இவ்வளவு செல்லுபடியாவதற்குக் காரணம் மருத்துவர்களின் அறிவுரை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு வயதுக் குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரையும் ஏறத்தாழ இதுவே. ஆனால் அந்த உலக வழிகாட்டியின் தலைப்பே உடலசைவு, உட்கார்ந்தே கழியும் நேரம், தூக்கம் ஆகிய மூன்றையும் பற்றியது. கண்ணாடியும் ஒளியும் அதில் முதன்மைக் குற்றவாளிகள் அல்ல. ஓட்டத்தையும் பேச்சையும் உறக்கத்தையும் திரை தின்றுவிடுவதே கவலை. இரண்டு மணி நேரம் ஒரு மூலையில் பேச்சுத்துணையின்றி எல்.சி.டி. பலகையோடு உட்கார்த்திவைத்தால் அந்தக் கவலை தீர்ந்ததாகக் கொள்ள முடியாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், பட்டன் பேட்டரி. எல்.சி.டி. பலகைகளில் பெரும்பாலும் சி.ஆர். 2016 அல்லது 2025 வகை லித்தியம் பேட்டரி இருக்கும். அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிப்பவை. 20 மில்லிமீட்டர் என்பது சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்வதற்கென்றே அளவெடுத்தது போன்றது. சிக்கிய இடத்தில் ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து காரப்பொருள் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் திசு வெந்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்காமல் உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஆகவே பேட்டரி மூடி ஸ்க்ரூவால் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். நகத்தால் திறக்கும் மூடியானால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். காந்தப் பேனாவின் நுனியும் காந்தப் பலகையோடு வரும் அச்சுகளின் காந்தமும் கழன்று வருகின்றனவா என்பதையும் இழுத்துப் பார்க்க வேண்டும். பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் கட்டாயம். மின்சாரத்தில் இயங்கும் பொம்மைகளுக்கான தரம் ஐ.எஸ். 15644. பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. ஆதலால் நம் பக்கத்து ஊர் சன்னபட்டணத்து மரப்பொம்மையில் முத்திரை இல்லையென்று மிரள வேண்டாம்.

மாமூல்பேட்டையில் வாங்கிய பலகையின் பேட்டரி நான்காம் மாதம் தீர்ந்துபோனது. மூடியின் ஸ்க்ரூவில் தலைவெட்டு தேய்ந்துவிட்டதால் திறக்க வரவில்லை. கடைசியாக மகள் அதில் வரைந்திருந்தது தலைப்பிரட்டைப் பாட்டியை, இந்தத் தடவை கைகள் சரியான இடத்தில். அழிக்கத்தான் மின்சாரம் வேண்டும், எழுதுவதற்கு வேண்டாம் என்பதால் பலகை இன்னும் கோடுகளை ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நாள் அந்தப் பாட்டிக்கு மூக்குக்கண்ணாடி வரைந்தான். நான் தூசி தட்டும்போதெல்லாம் நகம் பட்டு இரண்டொரு கீறல் விழுகிறது. பாட்டியைச் சுற்றிப் பச்சை நிறம் அடர்ந்துகொண்டே வருகிறது.